பெட்டியிலிருந்து தொடங்குவோம்: ரைஃபிளுக்குக் கழற்றும் மேகசின் பொருத்துவது பற்றி

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ட்ரிகரைச் சுற்றி ஒரு வளையம். அதற்கு முன்னால், தோட்டாப் பெட்டியின் வாயைச் சுற்றி ஒரு சட்டம். பெரும்பாலும் இரண்டும் ஒரே உலோகத் துண்டாக இருக்கும். இதைத்தான் கன்ஸ்மித்துகள் ‘பாட்டம் மெட்டல்’ என்கிறார்கள். முன்னும் பின்னும் இரண்டு திருகுகள் இதன் வழியே ஏறி, கட்டையைத் துளைத்து, மேலே உள்ள ரிசீவரைப் பிடிக்கின்றன. குழலைத் தாங்கும் இரும்பும், தோளில் பதியும் கட்டையும் ஒன்றாக நிற்பது இந்தப் பிடியால்தான்.

விலை உயர்ந்த குழல், பெயர் பெற்ற ட்ரிகர், கண்ணைக் கவரும் கட்டை எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகு, கடைசியாக நினைவுக்கு வருவது இந்தத் துண்டு. கழற்றி மாட்டும் மேகசின் வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் எழுகிறது. ‘மாற்றிக்கொள்ளலாம், இரண்டு திருகுதானே’ என்று தொடங்கும் வேலை, தோட்டா ஏறாமல் மக்கர் செய்யும் துப்பாக்கியில் போய் முடிகிறது. இப்படி முடிவதற்குக் காரணம், வேலையின் வரிசை தலைகீழாக இருப்பது. முதலில் தோட்டா, அடுத்து மேகசின், அதற்கேற்ற பாட்டம் மெட்டல், அதன் பிறகுதான் கட்டையும், குழலில் தோட்டா அமரும் அறையும் என்ற வரிசையே சரி. அது ஏன் என்பதை வரலாற்றிலிருந்தும் அளவுகளிலிருந்தும் பட்டறை மேசையிலிருந்தும் பார்க்கலாம்.

இரண்டு பரம்பரைகள்

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்காட்லாந்தின் ஹாவிக்கில் பிறந்தார். கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை பார்த்தார். போல்ட்டுக்கு நேர் கீழே செங்குத்தாக நிற்கும் தகரப் பெட்டி, அதற்குள் ஒரு வில், அந்த வில் தோட்டாக்களை மேலே தள்ளும். இந்த ஏற்பாட்டுக்கு அவர் 1879இல் காப்புரிமை பெற்றார். அதுவரை பல ரைஃபிள்களில் குழலுக்கு அடியில் ஒரு குழாயில்தான் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. லீயின் பெட்டி அந்த அமைப்பையே மாற்றியது. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற லீ–மெட்ஃபோர்டும், 1895இல் வந்த லீ–என்ஃபீல்டும் அந்தப் பெட்டியைச் சுமந்தவை.

அந்தப் பெட்டி கழற்றக்கூடியது. ஆனால் ராணுவம் அதைக் கழற்றிப் பயன்படுத்த நினைக்கவில்லை. தொடக்க கால ரைஃபிள்களில் பெட்டி தொலைந்துவிடாமல் ஒரு சிறு சங்கிலியால் துப்பாக்கியோடு கட்டப்பட்டிருந்தது. பின்னர் ஐந்து தோட்டாக்களைப் பிடித்திருக்கும் சார்ஜரை மேலே செருகிக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பும் முறை வந்தது. பெட்டி பெரும்பாலும் துப்பாக்கியிலேயே இருந்தது. தோட்டா சரியாக ஏறாவிட்டால் பெட்டியின் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுகளை லேசாக வளைத்துச் சரிசெய்வது, படையின் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரின் வேலை. ஒரு துப்பாக்கிக்குச் சரிசெய்த பெட்டி அடுத்த துப்பாக்கியிலும் அப்படியே வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்று தனித்து ரைஃபிள் கட்டுபவர்கள் மறந்துவிடும் முதல் பாடம் இதுதான்.

நம் நாட்டுக் கண்ணுக்கும் இந்தப் பெட்டி பழகியதே. போலீஸ்காரர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய .303இன் வயிற்றில் துருத்திக்கொண்டிருந்தது லீயின் பெட்டிதான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 1960களில் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்றபடி செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களில் அதே பெட்டி 12 தோட்டாவுக்கு வளர்ந்தது. தோட்டா மாறியபோது பெட்டியும் மாற வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு பரம்பரை ஜெர்மனியின் பவுல் மவுசருடையது. 1890களில் அவர் பெட்டியைக் கட்டைக்குள்ளேயே மறைத்தார். தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் படுக்கும் இரட்டை வரிசை. அடியில் ஒரு தகடு, அவ்வளவுதான். வெளியே எதுவும் துருத்தாது. 1898 மாடலில் நிலைபெற்ற அந்த அமைப்பு உலகின் வேட்டை ரைஃபிள்களுக்கு அடித்தளமானது. அதில் மேலே வரும் தோட்டாவைப் பிடித்து வழிகாட்டுவது பெட்டியின் உதடு கிடையாது. ரிசீவரிலேயே செதுக்கிய இரண்டு தண்டவாளங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. லீயின் பெட்டியில் உதடு பெட்டியோடு வருகிறது, மவுசரில் அது துப்பாக்கியோடு இருக்கிறது. கழற்றும் மேகசின் பொருத்தும்போது எழும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

ஒரு பெட்டி அளவுகோலான கதை

1962இல் வந்த ரெமிங்டன் 700 மவுசர் வழியில் உள்பெட்டி கொண்ட ரைஃபிள். ரிசீவர் வட்டமாக, எளிதாகக் கடைந்து எடுக்கும் வடிவில் இருந்ததால் அமெரிக்க கன்ஸ்மித்துகளுக்கு அது பிடித்துப்போனது. 1966இல் அமெரிக்க மரைன் படை எடுத்துக்கொண்ட எம்40, 1988இல் ராணுவம் எடுத்துக்கொண்ட எம்24 இரண்டும் இந்த ரிசீவரின் மேல் கட்டப்பட்டவையே. தொடக்கத்தில் இரண்டுக்கும் உள்பெட்டிதான்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இன்னொரு சிந்தனை வளர்ந்தது. 1978இல் தொடங்கிய அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர். 1984, 1988 ஒலிம்பிக் இரண்டிலும் மூன்று நிலை ரைஃபிள் சுடுதலில் தங்கம் வென்றவர். இலக்குச் சுடுதலின் துல்லியத்தையும் போர்க்களத்தின் முரட்டுத்தனத்தையும் ஒரே துப்பாக்கிக்குள் கொண்டுவர இந்நிறுவனம் முயன்றது. 1980களில் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற எல்96, 10 தோட்டா கொண்ட கழற்றும் மேகசினோடு வந்தது. 1990களின் இறுதியில் அவர்கள் ரெமிங்டன் 700 ரிசீவருக்கென்று, கட்டைக்குப் பதிலாக ஓர் அலுமினியச் சட்டகம், அதாவது சேஸிஸ், செய்தார்கள். அதற்காகச் செய்த மேகசினை இன்று எல்லோரும் ‘ஏஐசிஎஸ்’ என்று அழைக்கிறார்கள்.

பிறகு நடந்ததை எவரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. மற்ற நிறுவனங்கள் இந்த மேகசினை ஏற்கும் பாட்டம் மெட்டல்களைச் செய்யத் தொடங்கின. பேட்ஜர் ஆர்ட்னன்ஸ் செய்த ‘எம்5’ அவற்றுள் முக்கியமானது. மரைன் படையின் எம்40ஏ5இல் கழற்றும் மேகசின் இடம்பிடித்தது. எம்24களையே மாற்றிக் கட்டிய .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளான எம்2010இலும் அது வந்தது. மேக்புல் போன்றவர்கள் இதே அளவில் பிளாஸ்டிக் மேகசின்களைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள். 2015இல் வந்த ரூகர் பிரிசிஷன் ரைஃபிள் போன்ற தொழிற்சாலைத் துப்பாக்கிகளும் ஏஐசிஎஸ் மேகசினை ஏற்றன. ஒரு நிறுவனத்தின் உதிரிப்பாகம் ஒரு துறையின் அளவுகோலாக ஆனது.

யாருக்குத் தேவை?

பாட்டம் மெட்டல் வாங்கும் முன் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தடுப்புகள் மேலும் கூரைச் சரிவுகள் மேலும் துப்பாக்கியை வைத்து, குறித்த நிமிடத்துக்குள் பத்துத் தோட்டாக்கள் சுடும் போட்டிகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் வெகுவாக வளர்ந்திருக்கின்றன. அங்கே கழற்றும் மேகசின் இல்லாமல் முடியாது. காலியானதைக் கழற்றி, நிரம்பியதை மாட்டி, அடுத்த இலக்குக்குப் போக வேண்டும். போட்டிகளுக்கு நடுவே துப்பாக்கியை முழுவதும் காலியாக்குவதும் எளிது. மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து பார்த்தால் போதும்.

மலையேறும் வேட்டைக்காரரின் கணக்கு வேறு. ரைஃபிளின் எடை சமநிலை பெறும் இடம் பெரும்பாலும் பெட்டியின் முன்விளிம்பை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கையில் துப்பாக்கியைத் தொங்கவிட்டு நடப்பவரின் விரல்கள் சுற்றிப் பிடிக்கும் இடமும் அதுவே. அங்கே பத்துத் தோட்டா மேகசின் துருத்தி நின்றால் துப்பாக்கியை எடுத்துச் செல்வதே தொல்லை. முட்புதரில் தாழ் உரசி மேகசின் எங்காவது விழுந்துபோனால், மிஞ்சுவது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. வேட்டையில் இரண்டு மூன்று குண்டுக்கு மேல் சுடும் தேவை அரிது. அவருக்குக் கீல் வைத்த அடித்தகடே நல்லது. கட்டாயம் கழற்ற வேண்டும் என்றால், கட்டையின் மட்டத்தோடு முடியும் மூன்று நான்கு தோட்டா மேகசினும், விளிம்புக்குள் அமிழ்ந்த தாழும் கொண்ட பாட்டம் மெட்டலைத் தேட வேண்டும். ஹாக்கின்ஸ் பிரிசிஷன் போன்றவர்கள் இந்த வகையைச் செய்கிறார்கள்.

தேர்வு: தோட்டாவின் இரண்டு அளவுகள்

மேகசினைத் தீர்மானிப்பவை தோட்டாவின் இரண்டு அளவுகள். ஒன்று அடித்தலையின் விட்டம், மற்றொன்று முழு நீளம்.

விட்டத்தின் கணக்கு அழகானது. இரட்டை வரிசையில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்று 60 பாகைச் சாய்வில் அமர வேண்டும் என்றால், பெட்டியின் உள் அகலம் அடித்தலை விட்டத்தின் 1.866 மடங்காக இருக்க வேண்டும். வடிவக் கணிதம் தரும் எண் இது. .308 வின்செஸ்டர், .30-06, 6.5 கிரீட்மூர் மூன்றுக்கும் அடித்தலை ஏறத்தாழ 12.0 மி.மீ. ஆகவே அகலம் 22.4 மி.மீ. பட்டி வைத்த மேக்னம் தோட்டாவின் அடித்தலை 13.5 மி.மீ. அதற்கு 25.2 மி.மீ. வேண்டும். அகலம் குறைந்தால் தோட்டா இறுகும், கூடினால் பக்கவாட்டில் நழுவி அடுத்ததன் மேல் ஏறும். தோட்டாவின் குடும்பம் மாறினால் மேகசினும் மாறும் என்பது இதனால்தான். ‘இருக்கும் பெட்டியிலேயே போட்டுப் பார்ப்போம்’ என்பது நடக்காத காரியம்.

நீளம் இன்னும் நுட்பமானது. .308இன் அதிகபட்ச முழு நீளம் அமெரிக்கத் தர அளவில் 71.37 மி.மீ., 6.5 கிரீட்மூருக்கு 71.75 மி.மீ. கடைத் தோட்டா வாங்கிச் சுடுபவருக்கு எந்தக் குறுகிய ஏஐசிஎஸ் மேகசினும் போதும். தாமே தோட்டா நிரப்புபவர்கள் நீண்ட ஒல்லியான குண்டுகளை வெளியே தள்ளி, குழலின் வரிகளுக்கு அருகில் அமரச் செய்ய விரும்புவார்கள். அங்கே மேகசினின் முன்சுவர்தான் எல்லை. சில மேகசின்களில் முன்சுவரின் உட்புறம் வலுவுக்கு ஒரு தகடு இருக்கும். அதுவே இரண்டு மில்லிமீட்டரைத் தின்றுவிடும். தகடு இல்லாதவை நீளத்துக்கு இடம் தரும். எந்த மேகசின் என்று முடிவு செய்யாமல் குழலின் அறையை வெட்டிவிட்டால், துப்பாக்கி விரும்பும் நீளம் ஒன்று, பெட்டி அனுமதிக்கும் நீளம் இன்னொன்று என்றாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் அறையில் வைத்துச் சுட வேண்டியதுதான். மேகசின் பொருத்திய செலவு வீண்.

வாய் அமைப்பும் தாழும்

ஏஐசிஎஸ் மேகசினில் தோட்டா வாயின் நடுக்கோட்டில், ஒற்றையாக வந்து நிற்கும். போல்ட் அதை நேராகத் தள்ளும். இடம், வலம் என்ற தடுமாற்றம் கிடையாது. ரிசீவரின் தண்டவாளங்களுக்கும் வேலை குறைவு. ஒரு குறை உண்டு. மேலிருந்து தோட்டாவை நேராக அழுத்தி நிரப்ப முடியாது. கழற்றி, முன்பக்கமாக உதட்டுக்கு அடியில் செருகித்தான் நிரப்ப வேண்டும். அதே நிறுவனத்தின் ஏடபிள்யூ மேகசின் இரட்டை வரிசையிலேயே வாய்வரை வரும். அதே பத்துத் தோட்டாவுக்கு உயரம் குறைவு, மேலிருந்து அழுத்தி நிரப்பலாம். அதன் அகன்ற வாய்க்கு ரெமிங்டன் ரிசீவரின் அடிப்பகுதியை வெட்டி விரிக்க வேண்டும். ரிசீவரில் கைவைத்தால் திரும்ப ஒட்ட முடியாது. அந்த வெட்டு இயந்திரமும் அனுபவமும் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

மவுசர் 98 போன்ற பழைய ரிசீவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் தோட்டாவின் விளிம்பு, ஏறும்போதே, தோட்டாவை அறையிலிருந்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகத்துக்கு அடியில் வழுக்கிப் புக வேண்டும். தோட்டா எழும் கோணமும் நேரமும் பிசகினால் நகம் விளிம்பைத் தாண்டிவிடும். ரெமிங்டன் 700 தோட்டாவை அறைக்குள் தள்ளிய பிறகே பிடிக்கும் வகை என்பதால் இந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும். கழற்றும் மேகசின் உலகம் ரெமிங்டன் அளவைச் சுற்றி வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கட்டையின் குடைவு. தொழிற்சாலை அடித்தகட்டின் குடைவுக்குள்ளேயே பெரிய வெட்டு இல்லாமல் அமரும் பாட்டம் மெட்டல்கள் உண்டு. எம்5 வடிவத்துக்கோ தனிக் குடைவு வேண்டும். புதிய கட்டை வாங்குபவர் எம்5 குடைவோடு வாங்குவதே நலம், அந்த வடிவில் பல நிறுவனங்களின் பாகங்கள் கிடைக்கின்றன. பழைய மரக்கட்டையை வைத்துக்கொள்ள விரும்புபவர் குடைவுக்கு ஏற்ற பாட்டம் மெட்டலைத் தேடுவதே நலம். உலோகத்தில் எஃகு கனம் கூட்டும். அலுமினியம் போதிய வலுவோடு எடை குறைக்கும். பிளாஸ்டிக் மலிவு, ஆனால் திருகின் அழுத்தம் நேரடியாக அதன்மேல் விழாதபடி உலோகப் புதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழைக் கையுறை போட்ட விரலாலும் தள்ள முடிகிறதா, தடுப்பின் விளிம்பில் தானே அமுங்கிவிடுமா என்ற இரண்டையும் கடையிலேயே சோதித்துவிடலாம்.

பட்டறை மேசையில்

இப்போது வேலைக்கு வருவோம். முதல் விதி: அறையும் மேகசினும் காலி, போல்ட்டிலிருந்து சுடும் ஊசி வெளியே. சோதனைக்கு மருந்தும் கேப்பும் இல்லாத டம்மி தோட்டாக்கள் மட்டும். பட்டறையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கட்டைக்குள் திருகு போகும் இரண்டு துளைகளிலும் அலுமினியக் குழாய்த் தூண்கள் நிற்பது நல்லது. திருகை முறுக்கும்போது மரம் நசுங்காமல், ரிசீவரும் பாட்டம் மெட்டலும் தூணின் இரு முனைகளில் உலோகத்தோடு உலோகமாக அமரும். தூணின் நீளம்தான் மேகசினின் உயரத்தையும் தீர்மானிக்கிறது. தூண் நீண்டால் பாட்டம் மெட்டல் கீழே இறங்கும், மேகசினும் இறங்கும், போல்ட் தோட்டாவின் தலையைத் தடவிக்கொண்டு காலியாக மூடும். தூண் குட்டையானால் மேகசின் மேலேறி, உதட்டில் போல்ட் உரசும். பல தோட்டாச் சிக்கல்களுக்கு மேகசின் உதட்டைக் குற்றம் சொல்கிறார்கள். முதலில் தூணின் நீளத்தை வெர்னியரில் அளந்து பார்ப்பதே முறை.

உரசலைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மேகசின் உதடுகளின் மேல்விளிம்பைக் கறுப்பு மார்க்கரால் பூசி, காலி மேகசினை மாட்டி, போல்ட்டைப் பத்துமுறை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கழற்றிப் பார்த்தால் எங்கே கறுப்பு போய் எஃகு பளிச்சிடுகிறதோ, அங்கே போல்ட் தொடுகிறது. அடுத்து, மேகசினின் அடியை உள்ளங்கையால் பலமாக மேலே தள்ளியபடியே இதைச் செய்யுங்கள். போட்டிக்காரர்கள் மேகசினைத் தடுப்பின் மேல் ஊன்றிச் சுடுவார்கள், அப்போது இந்த அழுத்தம்தான் விழும். நல்ல பாட்டம் மெட்டலில் மேகசின் ஓர் எல்லைக்கு மேல் ஏறாதபடி தடுப்பு இருக்கும். தள்ளாதபோது சுத்தமாக ஓடிய போல்ட் தள்ளும்போது கரகரத்தால், அந்தத் தடுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

முன் திருகின் நீளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். புதிய பாட்டம் மெட்டலோடு பழைய திருகைப் போட்டால், அதன் நுனி ரிசீவருக்குள் எட்டிப் பார்த்து போல்ட்டின் காதை இடிக்கலாம். திருகை முறுக்கியதும் போல்ட் மூட மறுத்து, தளர்த்தியதும் மூடினால் காரணம் இதுவே. நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவிக் குறைத்தால் தீரும். ட்ரிகர் பாட்டம் மெட்டலின் பிளவில் எங்கும் தொடாமல் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தொட்டால் ட்ரிகர் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். அது ஆபத்து.

கடைசியில் அழுத்தச் சோதனை. இரண்டு திருகுகளையும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். தூண் வைத்த கட்டைக்கும் அலுமினியச் சேஸிஸுக்கும் பரவலாகச் சொல்லப்படும் அளவு 65 அங்குல–பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.3 நியூட்டன் மீட்டர். தூண் இல்லாத மரத்துக்கு இதில் பாதியளவோடு நிறுத்துவது வழக்கம். டயல் கேஜைக் கட்டையின் நுனியில் பொருத்தி, அதன் ஊசியைக் குழலில் படவைத்து, ஒரு திருகை மெல்லத் தளர்த்துங்கள். முள் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் நகர்ந்தால் ரிசீவர் வளைந்த நிலையில் இறுகியிருக்கிறது. பாட்டம் மெட்டலோ குடைவோ எங்கோ முட்டுகிறது. முட்டும் இடத்தைக் கண்டு அராவி, தேவையானால் ரிசீவருக்கும் கட்டைக்கும் இடையே எபாக்ஸிப் படுகை (பெட்டிங்) போட்டு, அழுத்தமில்லாமல் அமரவைக்க வேண்டும். தோட்டா ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டால், துப்பாக்கி சிக்கலில்லாமல் ஓடும், ஆனால் குண்டு ஒரே இடத்தில் விழாது.

சட்டம்

இதைப் படிக்கும் நம் நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி தயாரிப்பது மட்டுமின்றி அதை விற்பதும், பழுதுபார்ப்பதும், மாற்றியமைப்பதும் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டில் ஒரு வார இறுதி வேலையாக நடப்பதை இங்கே யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. உரிமம் பெற்ற கைவினைஞரிடமே போக வேண்டும். வெளிநாடுகளில் வாழ்பவர்களும் மேகசினின் தோட்டா எண்ணிக்கை பற்றிய உள்ளூர் விதியை, வேட்டை விதியோடு சேர்த்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

முடிவாக

வேட்டைக்கு மட்டும் ரைஃபிள் வைத்திருப்பவர் மவுசர் காட்டிய உள்பெட்டியிலேயே இருக்கட்டும். அது 1898 முதல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டிக்காரர் தயங்காமல் ஏஐசிஎஸ் வழியில் போகலாம், எம்5 குடைவோடு கட்டையை வாங்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், முதலில் தாம் சுடப்போகும் தோட்டாவில் ஒன்றை மேசையில் வைத்து நீளத்தை அளக்கட்டும். அதை இடிக்காமல் ஏற்கும் மேகசினைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த மேகசினைச் சரியான உயரத்தில் தாங்கும் பாட்டம் மெட்டலை வாங்கட்டும். கட்டையும் அறையும் அதன் பிறகு வரட்டும். வாங்கிய மேகசின்கள் ஒவ்வொன்றையும் அந்தத் துப்பாக்கியில் ஐம்பது முறையாவது டம்மி தோட்டாவால் ஓட்டிப் பார்த்து, சரியாக ஓடுவதற்கு மட்டும் எண் போட்டு வையுங்கள். ஓடாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.